கல்குவாரிப் பக்கத்துக் குரல்

பிப்ரவரி 9

தம்பிக்கு,

நலமா என்று கேட்க இதை எழுதவில்லை. போனில் உன் குரலைக் கேட்க எனக்கு இஷ்டமில்லை, அதனால்தான் கடிதம். இதைக் கொண்டுவரும் லாரியில் வேட்டைநாய் தண்டோராவை ஏற்றி அனுப்பியிருக்கிறேன். கழுத்துப்பட்டையும் நீளச் சங்கிலியும் சாக்குப்பையில் இருக்கின்றன. இறக்கிக்கொள்.

உன் அண்ணன் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. அவர் விட்டுவிட்டுப் போன மூன்று பேரில் ஒருவனை உன்னிடம் அனுப்புகிறேன். மற்ற இரண்டு பேரும், அதாவது நானும் என் மகளும், இந்த டவுன் வாடகை வீட்டிலேயே இருந்துகொள்கிறோம்.

வீட்டுக்காரருக்கு நாயின் மேல் ஒரு குறையும் இல்லை. "குரைக்காத நாயை இப்பத்தான் முதல்தடவையா பாக்கறேன், எங்க வீட்டம்மாவையும் உங்ககிட்ட நாலு நாள் பழக விடட்டுமா" என்று கேட்கிறார். பிரச்சினை ராத்திரியில்தான். விளக்கை அணைத்த பிறகு அது கதவுக்கு முன்னால் போய் நிற்கும். கழுத்தை நீட்டி வாயைத் திறக்கும். தொண்டை ஏறி இறங்கும், விலா விரிந்து சுருங்கும். குரைக்கிற நாய் செய்வதையெல்லாம் செய்யும், சத்தம் மட்டும் வராது. போன வாரம் என் மகள் விழித்துப் பார்த்துவிட்டாள். "அம்மா, அது குரைக்குதும்மா, நமக்குத்தான் காது கேக்கல" என்றாள். ஒன்பது வயதுப் பிள்ளை அப்படிச் சொன்ன பிறகு அந்த நாயோடு ஒரே அறையில் படுக்க முடியவில்லை.

உனக்கு நாய் வேண்டும். சோளத் தோட்டத்தில் பன்றி விழுகிறது, ராத்திரி வேட்டைக்கு ஆள் நீதான், உன் கிழட்டு நாய் செத்துப்போயிற்று என்றெல்லாம் லாரிக்காரர் சொன்னார். பழக்கிக்கொள். உங்கள் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் நாயோடு பேசத் தெரிந்த அளவு மனிதரோடு பேசத் தெரியாது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்று ராத்திரி பாலத்தில் அவர் பஸ் ஏறும் முன் உன்னிடம் என்ன சொன்னார் என்பதை இன்னொரு தடவை எழுது. டவுனுக்குக் குடிபோகலாம் என்று இரண்டு வருஷம் அவரை நச்சரித்தவள் நான். என் நச்சரிப்புத் தாங்காமல்தான் போனார் என்றால் அது எனக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். தாலி கட்டியவர் இருக்கிறாரா இல்லையா என்று ஆஸ்பத்திரி வேலைக்கு மனுப் போட்டபோது கேட்டார்கள். அந்தக் கட்டத்தை நான் காலியாக விட்டேன்.

அண்ணி

*

பிப்ரவரி 21

அண்ணிக்கு வணக்கம்.

தண்டோரா பத்திரமாக வந்து சேர்ந்தான். இறங்கியதும் என்னை ஒரு தடவை முகர்ந்தான். பிறகு என்னைச் சட்டை செய்யாமல், நான் தங்கும் தோட்டத்து மோட்டார் அறைக்குள் போய், அண்ணன் வந்தால் செருப்பு விடும் மூலையில் படுத்துக்கொண்டான். மோட்டார் ஓடும் சத்தத்தில் மற்ற நாய்கள் மிரளும். இவன் அசையவில்லை.

முதலிலிருந்து பழக்குகிறேன். பன்றித் தோலைத் தண்ணீரில் ஊறவைத்து, என் கை வாசனை படாமல் கம்பு நுனியில் கட்டி, வரப்போரமாக இழுத்துக்கொண்டு போய் ஒரு மரத்தில் மாட்டிவிடுவேன். ஒரு மணி நேரம் கழித்து அவனை அவிழ்த்து விடுவேன். மூக்கு மழுங்கவில்லை. அண்ணன் பழக்கிய மூக்கு. ஓடையைத் தாண்டி இழுத்தாலும் கண்டுபிடித்து மரத்தடியில் போய் உட்கார்ந்துவிடுகிறான். ஆனால் வாய் திறப்பதில்லை.

பகலில் அது பரவாயில்லை. ராத்திரியில் பேசாத நாயை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, அண்ணி. இருட்டில் நாய் எங்கே போகிறது என்று நம் கண்ணுக்குத் தெரியாது. குரலைப் பிடித்துக்கொண்டுதான் பின்னால் ஓட வேண்டும். ஓடும்போது இழுத்து இழுத்துக் குரைக்கும். ஒன்றை மடக்கிவிட்டால் நின்ற இடத்திலேயே வெட்டி வெட்டிக் குரைக்கும். அது 'வா, வா' என்று நம்மைக் கூப்பிடுகிற குரல். தண்டோராவின் அந்தக் குரலுக்காகத்தான் அண்ணன் அவனுக்கு அப்படிப் பெயர் வைத்தார். ஒரு மைல் தூரத்துக்குக் கேட்கும்.

பாலத்தில் நடந்ததை அப்போதே சொல்லிவிட்டேன். "எல்லாம் சலிச்சுப்போச்சுடா, நான் போறேன்" என்றார். கடைசி பஸ் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து கை காட்டினார். வேறு ஒன்றும் இல்லை. பழசைக் கிளற வேண்டாம் அண்ணி. பாப்பாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் கொழுந்தன்

*

மார்ச் 3

தம்பிக்கு,

அன்று போலீஸிடம், பஸ்ஸில் கூட்டம், படியில் தொற்றிக்கொண்டு போனார் என்று சொன்னாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். இப்போது ஜன்னலோரம் உட்கார்ந்து கை காட்டினார் என்று எழுதுகிறாய். பதினான்கு மாதத்தில் அவருக்கு எப்படி இடம் கிடைத்தது?

எனக்கு வேலை ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில். பெரிய இயந்திரங்கள் துவைத்துத் தள்ளுகிற விரிப்புகளை நாங்கள் இருவர் இருவராக நின்று மடிப்போம். யாரோ செத்த விரிப்பு, யாரோ பிறந்த விரிப்பு, எல்லாம் ஒரே மாதிரி சூடாக வரும். கை மடித்துக்கொண்டே இருக்கும், மனசு சும்மா இருக்காது. இன்று நாள் முழுக்க உன் ஜன்னலோரத்தைத்தான் மடித்துக்கொண்டிருந்தேன்.

மறதி என்றால் மறதி என்று எழுது. ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ஆனால் எழுது.

நாய் இல்லாத வீட்டில் என் மகள் நன்றாகத் தூங்குகிறாள். எனக்குத்தான் தூக்கம் இல்லை. கதவுக்கு முன்னால் அது நிற்பது போலவே இருக்கிறது.

அண்ணி

*

மார்ச் 16

அண்ணிக்கு,

இதை வேறு யாரிடமும் சொல்ல முடியவில்லை. நீங்கள் கோபப்பட்டாலும் படித்துவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

எட்டு நாளாகக் குரைப்புச் சத்தம் கேட்கிறது. ராத்திரி பதினோரு மணிக்கு மேல், மோட்டாரை நிறுத்திய பிறகு. வடக்கே பழைய கல்குவாரிப் பக்கத்திலிருந்து. ஓடுகிற குரல் இல்லை, ஒரே இடத்தில் நின்று வெட்டி வெட்டிக் கூப்பிடுகிற குரல். தண்டோராவின் குரல். குழந்தை அழுதால் தன் குழந்தையா அடுத்த வீட்டுக் குழந்தையா என்று தாய்க்குத் தெரியாதா? அப்படித்தான் நாய்க்காரனுக்கும் தெரியும்.

ஆனால் தண்டோரா என் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறான். முதல் நாள் டார்ச் அடித்துப் பார்த்தேன். விழித்துக்கொண்டுதான் இருந்தான். முதுகு மயிர் முழுக்கச் சிலிர்த்து நின்றது. காது இரண்டும் வடக்கே திரும்பியிருந்தன. எனக்குக் கேட்பது அவனுக்கும் கேட்கிறது, அண்ணி.

இந்த வருஷம் பக்கத்துத் தோட்டத்துக்கு மோட்டார் பார்க்க வந்தவரின் மனைவியிடம் நைசாகக் கேட்டேன். "ராத்திரி ஒரு தவளைகூடக் கத்தலையே, உங்களுக்குக் கல்யாணம் ஆகணும், அதான் இப்படி" என்று சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

பழக்குவதை இருட்டுக்கு மாற்றிப் பார்த்தேன். தோலைக் கிழக்கே இழுத்துவிட்டு வந்து அவனை அவிழ்த்தால், பத்தடி கிழக்கே போகிறான், பிறகு நின்று வடக்கே பார்க்கிறான். நேற்று கயிற்றோடு இழுத்துக்கொண்டு குவாரிப் பாதை ஆரம்பிக்கிற வேலி வரைக்கும் போய்விட்டான். அங்கிருந்து அவனைத் தூக்கிக்கொண்டுதான் திரும்பி வந்தேன். முப்பது கிலோ.

பஸ் விஷயம் மறதிதான் அண்ணி. விட்டுவிடுங்கள்.

கொழுந்தன்

*

மார்ச் 25

தம்பிக்கு,

எங்கள் கூடத்தில் கொதிகலன் பார்க்கிற ஒருவர் இருக்கிறார். எல்லாரும் நீராவி என்றுதான் கூப்பிடுவோம். வாயைத் திறந்தால் மூடமாட்டார். இளமையில் இருபது வருஷம் வேட்டை நாய் வைத்திருந்தவராம். நேற்று சாப்பாட்டு வேளையில், நல்ல குரலுள்ள நாய் திடீரென்று ஊமையாகுமா என்று அவரிடம் கேட்டேன். பெயர், ஊர் எதுவும் சொல்லவில்லை.

அவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நோய்ல போச்சுன்னா கரகரன்னாவது வரும்மா. சுத்தமா நின்னுச்சுன்னா ஒரே காரணம்தான். அது கூப்பிட்டிருக்கு, யாரும் போகல. நாய் பழக்கறவனுக்கு முதல் பாடமே அதான். அது முள்ளம்பன்றியப் பாத்துக் கூப்பிட்டாலும் எந்திரிச்சுப் போகணும். ஒரு தடவை ராத்திரி முழுக்கக் கத்தவிட்டுட்டுப் போகாம இருந்தீங்கன்னா, அதுக்கப்புறம் அது யாரையும் கூப்பிடாது. மனுசன்மேல நம்பிக்கை போயிடும். எந்த நாய்க்காரனும் அந்தத் தப்பைப் பண்ணமாட்டான். பண்ணினவன் நாய்க்காரனே இல்ல."

நான் மிச்சச் சாப்பாட்டைக் கொட்டிவிட்டு, மத்தியானம் முழுக்க நின்றுகொண்டே இருந்தேன். என்னோடு மடிக்கிறவள் விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இழுங்க" என்று மூன்று தடவை சொன்னாளாம்.

அவர் போன இரண்டாம் நாள் தண்டோரா தனியாக வந்தது. வாயோரம் புண்ணாகி இருந்தது, நினைவிருக்கிறதா? பஸ்ஸுக்குப் பின்னால் ஓடிப்போய்த் திரும்பி வந்திருக்கும் என்று நீதான் சொன்னாய். நான் மஞ்சள் பூசினேன். அன்றிலிருந்து அது குரைக்கவில்லை.

அது யாரைக் கூப்பிட்டது? யார் போகவில்லை? அப்போது அந்தப் பக்கத்தில் ராத்திரி தங்கியவன் நீ ஒருவன்தான்.

அண்ணி

*

ஏப்ரல் 4

அண்ணி,

ஒரு வாரமாக இந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பாலத்துக்கு நாங்கள் போகவே இல்லை. பஸ் என்று நான் சொன்னது பொய்.

அன்று ராத்திரி சோளத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வேலியோரம் உட்கார்ந்திருந்தோம். அண்ணன், "இதாண்டா எனக்குக் கடைசி வேட்டை" என்றார். "காலைல அவகிட்டச் சொல்லப்போறேன், டவுனுக்கே போயிடலாம்னு. ரெண்டு வருசமா கேட்டுக்கிட்டே இருக்கா. அவ மூஞ்சி எப்படி மாறுதுன்னு பாக்கணும்" என்றார். சிரித்தார். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அப்பா போன பிறகு எனக்கு இருந்தது அவர் ஒருவர்தான். "போ, பொண்டாட்டி முந்தானையப் புடிச்சுக்கிட்டே போ, எனக்கு அண்ணனே இல்லன்னு நெனச்சுக்கறேன்" என்று கத்திவிட்டு நான் அறைக்கு வந்துவிட்டேன். அவர் நாயைக் கூட்டிக்கொண்டு குவாரிப் பாதையில் வீட்டுக்கு நடந்தார்.

அரை மணி நேரத்தில் தண்டோரா கூப்பிட ஆரம்பித்தான். எனக்குக் கேட்டது. பன்றியை மடக்கியிருக்கிறார், என்னை வரவழைத்துச் சமாதானம் பேசப் பார்க்கிறார் என்று நினைத்தேன். கடைசி வேட்டை என்றாரே, தனியாகவே முடிக்கட்டும் என்று கம்பளியை இழுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டேன்.

காலையில் நீங்கள் வந்து, "அவர் எங்க?" என்றீர்கள். எங்கேயோ கோபித்துக்கொண்டு போயிருப்பார், சாயங்காலம் வந்துவிடுவார் என்று நினைத்துத்தான் வாயில் வந்ததைச் சொன்னேன். பஸ் என்று சொன்னேன். இரண்டாம் நாள் நாய் அந்த வாயோடு வந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அப்போதே போய்ப் பார்த்திருக்க வேண்டும். போனால், குரல் கேட்கவில்லையா என்று ஊரே கேட்குமே என்று பயந்தேன். ஒரு நாள் பயந்தேன், மறுநாள் பயந்தேன், பிறகு பொய் கெட்டியாகிவிட்டது. உங்கள் நச்சரிப்பால்தான் போனார் என்று நீங்கள் அழுதபோது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதைத்தான் என்னால் எழுதவே முடியவில்லை.

இப்போதும் கேட்கிறது. நேற்று காதில் பஞ்சு வைத்துக்கொண்டேன். அப்போதும் கேட்டது.

*

ஏப்ரல் 8

நாயைக் கூட்டிக்கொண்டு இன்று ராத்திரியே போ. பகலில் போகாதே, ஆள் சேர்த்துக்கொண்டும் போகாதே. அன்று போகவேண்டிய மாதிரி போ. போய்விட்டு எழுது.

*

ஏப்ரல் 13

அண்ணி,

உங்கள் கடிதம் பதினொன்றாம் தேதி சாயங்காலம் வந்தது. அன்றே போனேன்.

மோட்டாரை நிறுத்தியதும் வழக்கம்போல் குரல் ஆரம்பித்தது. இந்தத் தடவை கதவைத் திறந்து சங்கிலியை அவிழ்த்துவிட்டேன். தோல் இழுக்கவில்லை, வாசனை காட்டவில்லை, ஏவவும் இல்லை. தண்டோரா வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்தான். "போடா, வர்றேன்" என்றேன். ஓடினான்.

நெற்றி விளக்கு பத்தடிக்கு மேல் காட்டவில்லை. அவன் காலடிச் சத்தமும் கேட்கவில்லை. எனக்கு முன்னால் இருட்டில் அந்தக் குரல் மட்டும்தான். அதைப் பிடித்துக்கொண்டு வேலியைத் தாண்டினேன், முள்ளில் புகுந்தேன். கிட்டப் போகப் போகக் குரல் பெரிதாகவில்லை, அண்ணி. தூரத்தில் கேட்ட அதே அளவுதான் பக்கத்திலும். குவாரி விளிம்புக்கு வந்தபோது சட்டென்று நின்றுவிட்டது. என் மூச்சுச் சத்தம் எனக்கே அசிங்கமாகக் கேட்டது.

விளிம்பில் தண்டோரா நின்றான். கழுத்தை நீட்டி வாயைத் திறந்தான். நீங்கள் எழுதியிருந்தீர்களே, அதே மாதிரி தொண்டை ஏறி இறங்கியது. ஐந்தாறு தடவை காற்றுதான் வந்தது. பிறகு குரல் வந்தது. உடைந்து, துருப்பிடித்து வந்தது. ஆனால் அவனுடையதுதான். நான் அவன் பக்கத்தில் மண்டியிட்டு, "வந்துட்டேன்டா, வந்துட்டேன்டா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். யாரிடம் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது.

குவாரிச் சுவர் முழுக்க முள் மூடிக் கிடக்கிறது, மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பத்துப் பன்னிரண்டு அடிக்குக் கீழே கல் வெட்டிய திட்டு ஒன்று இருக்கிறது. அண்ணன் அதில் இருக்கிறார். கல்லைப் பிடித்துப் பிடித்து இறங்கினேன். உங்கள் கையால் பட்டன் தைத்த அந்தப் பச்சை மேல்சட்டையை வைத்து அடையாளம் தெரிந்தது. ஒரு கால் இரண்டாக முறிந்திருந்தது. விடியும் வரை அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். காலையில் நானே போலீஸுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பஸ் பொய்யையும் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். திரும்பவும் கூப்பிடுவார்களாம்.

குவாரிப் பாதை நீங்கள் அப்போது இருந்த வீட்டுக்குத்தான் போகிறது, வேறு எங்கேயும் போகாது. அவர் உங்களை விட்டுவிட்டுப் போகவில்லை. உங்களிடம்தான் வந்துகொண்டிருந்தார்.

*

ஏப்ரல் 23

தம்பிக்கு,

அடக்கத்தன்று உன்னைப் பார்க்காமல் நின்றேன். நீயும் பின்வரிசையில் நின்றாய்.

பதினாறு மாதம் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். தலை வாரும்போது, மாடிப்படி ஏறும்போது, அந்த விரிப்புகளை மடிக்கும்போதெல்லாம் திட்டினேன். ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாயே, மனுஷனா நீ என்று. அந்தத் திட்டுகளை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? என் மூஞ்சி எப்படி மாறுகிறது என்று பார்க்க ஆசைப்பட்டிருக்கிறார். அதை நினைத்தால் அழுகை வருகிறது, கூடவே சிரிப்பும் வருகிறது. பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது.

டாக்டரிடம் கேட்டேன். விழுந்தவுடனே போயிருப்பாரா என்று. "இவ்வளவு நாள் கழிச்சு எலும்ப வெச்சு அதைச் சொல்ல முடியாதும்மா, உடனேன்னே நெனச்சுக்குங்க" என்றார். நல்ல மனிதர்.

உனக்குத் தெரியும். அன்று ராத்திரி தண்டோரா எத்தனை மணி வரைக்கும் கூப்பிட்டது?

அண்ணி

*

ஏப்ரல் 28

அண்ணி,

கொஞ்ச நேரம்தான் என்று எழுதி ஒரு கடிதத்தை உறையில் போட்டு ஒட்டியும்விட்டேன். தபால் பெட்டி வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். உங்களுக்கு இன்னொரு பஸ் கதை சொல்ல என்னால் முடியாது.

நான் தூங்கவில்லை. கம்பளிக்குள் விழித்துக்கொண்டேதான் கிடந்தேன். விடியற்காலை ஐந்தரை வரைக்கும் கூப்பிட்டான். பால் வண்டி ஹாரன் அடித்தது, அதற்குச் சற்று முன்னால் குரல் நின்றது.

மடக்கிய உயிருக்கு அசைவு இருக்கிற வரைக்கும்தான் நாய் அந்தக் குரலில் கூப்பிடும். அடங்கிவிட்டால் நிறுத்திவிடும். நாய் வைத்திருக்கிற எல்லாருக்கும் இது தெரியும், எனக்கும் தெரியும். பதினோரு மணியிலிருந்து ஐந்தரை வரைக்கும் அண்ணன் உயிரோடு இருந்தார். என் அறையிலிருந்து குவாரிக்கு நடந்தால் இருபது நிமிஷம்.

குவாரிக்குப் போன ராத்திரிக்குப் பிறகு அந்தக் குரல் கேட்கவில்லை. கேட்டால் தேவலை என்று இருக்கிறது.

*

மே 6

தம்பிக்கு,

உன் கடிதத்தை வேலை செய்யுமிடத்தில் வைத்துப் படித்தேன். நீராவிதான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், முதன்முறையாக ஒன்றும் பேசாமல்.

மன்னிப்பு என்று நீ எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். என்னிடம் அது இல்லை, பிறகு வருமா என்றும் தெரியவில்லை.

அப்பா எப்படி இறந்தார் என்று என் மகள் தினமும் கேட்கிறாள். வழியில் விழுந்துவிட்டார் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். "சித்தப்பாவுக்குத் தெரியாதாம்மா? அவர் கிட்டதானே இருந்தாரு?" என்கிறாள். மழுப்பிப் பார்த்தேன், விடுகிற பிள்ளை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வா. பதினோரு மணிக்கு மேல் வந்தால் எனக்கு வேலை முடிந்திருக்கும். நானும் பக்கத்தில்தான் இருப்பேன், ஆனால் வாய் திறக்கமாட்டேன். நீயே அவளிடம் சொல்லு, வேலியோரம் உட்கார்ந்து பேசியதிலிருந்து. அவள் எதையும் பாதியில் விடமாட்டாள், அவர் மாதிரியே. எத்தனை மணி வரைக்கும் என்று கேட்பாள். என்னிடம் சொன்ன மாதிரியே அவளிடமும் சொல்லு.

அண்ணி